புதிய அரசை விமர்சிக்க ஒரு சீ.ஆர். கொப்பி

2024 செப்டெம்பர் 21 இல் நடைபெற்ற தேர்தலில் வென்று அநுர குமார திசாநாயக்க இலங்கையின் ஜனாதிபதியானார். எட்டு வாரங்கள் முடிவதற்குள், நவம்பர் 14 இல், அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 பாராளுமன்ற ஆசனங்களில் 159 ஐக் கைப்பற்றியது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அக்கட்சிக்குப் போயின. அன்று தொட்டு எங்கள் பக்கத்தில் இந்த அரசைப் பற்றிய பேச்சு இரண்டு வாய்க்கால்களில் மட்டுமே ஓடுகிறது. வாக்களித்தவர்கள், தாங்கள் போட்ட புள்ளடியைத் தாங்களே பழிப்பதாகிவிடும் என்று எண்ணி வாய் திறப்பதில்லை. வாக்களிக்காதவர்களோ, அரசு எதைச் செய்தாலும் "அப்பவே சொன்னோம்" என்பதற்கு அப்பால் போவதில்லை. இந்த இரண்டு தரப்பாலும் அரசுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. முதற்தரப்பு கேள்வி கேட்பதில்லை. இரண்டாம் தரப்பின் கேள்விக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் பிரிவொன்றில் பல ஆண்டுகள் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அரச அலுவலகங்கள் எந்த வகை விமர்சனத்தைக் கண்டு பதறும், எதைக் கோவையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் என்பதை ஓரளவு அறிவேன். கோபமாக எழுதப்பட்ட கடிதம் எவரையும் பதறச் செய்து நான் கண்டதில்லை. திகதியும் தொகையும் பிரிவு இலக்கமும் கொண்ட கடிதம் மேசை மேசையாக நடக்கும். அத்தகைய விமர்சனத்தைச் சாதாரணக் குடிமகன் ஒருவர் எவ்வாறு தயாரிக்கலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன். அதற்கு வேண்டியவை ஒரு சீ.ஆர். கொப்பியும் (தடித்த அட்டைக் குறிப்பேடு), பேனாவும், கொஞ்சம் பொறுமையுந்தான்.

வாக்குறுதியை அதன் சொற்களிலேயே எழுதுங்கள்

கொப்பியின் பக்கத்தை நான்கு நிரல்களாகப் பிரித்து, முதல் நிரலில் அரசு சொன்னதையும், இரண்டாவதில் அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதையும், மூன்றாவதில் எப்போது செய்வதாகச் சொல்லப்பட்டது என்பதையும், நான்காவதில் நடந்ததையும் எழுத வேண்டும். முதல் நிரலை ஞாபகத்திலிருந்து நிரப்பக்கூடாது. தேர்தல் மேடையில் ஒருவர் சொன்னது, தொலைக்காட்சி விவாதத்தில் இன்னொருவர் சொன்னது, முகநூலில் யாரோ எழுதியது ஆகிய மூன்றும் சேர்ந்து சில மாதங்களில் "அவர்கள் வாக்குறுதி தந்தார்கள்" என்றாகிவிடும். அச்சிட்ட தேர்தல் விஞ்ஞாபனம் மூன்று மொழிகளிலும் வெளிவந்தது. அதில் உள்ள சொற்களை அப்படியே எழுதி, பக்க இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சையும் சேர்க்க விரும்பினால், இடத்தையும் திகதியையும் குறித்து வேறு நிற மையால் எழுதுங்கள்.

இதைச் செய்யும்போதே ஒரு விடயம் தெளிவாகும். அரசைக் குறை கூறுவதில் இரண்டு வகைகள் உள்ளன. சொன்னதைச் செய்யவில்லை என்பது ஒன்று. சொன்னதே பிழை, அல்லது சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவேயில்லை என்பது மற்றது. மாகாண சபைத் தேர்தலை ஓராண்டுக்குள் நடத்துவதாகச் சொன்ன கட்சி அதை நடத்தாமல் அந்த ஓராண்டைக் கடந்தது முதல் வகை. அதற்குச் சான்று, விஞ்ஞாபனத்தின் பக்கமும் நாட்காட்டியும். "சமஷ்டி (கூட்டாட்சி) தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்று சந்தியில் ஒருவர் சொல்வாரானால், அவர் இரண்டாம் வகையை முதல் வகையாக்குகிறார். இக்கட்சி சமஷ்டி தருவதாகச் சொன்னதில்லை. 2015 இற்கும் 2019 இற்கும் இடையில் நடந்த அரசியலமைப்பு முயற்சியைத் தொடர்ந்து நிறைவு செய்வதாகவும், அதுவரை மாகாண சபைகள் இருக்கும் என்றுமே சொன்னது. அந்த நிலைப்பாடு தமிழர்களுக்குப் போதாது என்று வாதிடலாம், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் போதாமையை ஏமாற்று என்று அழைத்தவுடன், அமைச்சர் ஒருவர் எழுந்து "நாங்கள் எங்கே அப்படிச் சொன்னோம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதோடு உங்கள் நியாயமான வாதமும் போய்விடும்.

கொப்பியில் மாகாண சபை பற்றிய வரியில் இரண்டாம் நிரலை நிரப்பச் சற்று உழைப்பு வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கின் காலம் அதற்கும் முன்னர் 2017 இல் முடிந்தது. இப்போது ஒன்பது மாகாணங்களிலும் தெரிவுசெய்யப்பட்ட சபை கிடையாது, ஆளுநர்களே நடத்துகிறார்கள். தேர்தல் ஆணைக்குழு நினைத்தால் நாளைக்கே நடத்திவிடலாம் என்பது பலரின் எண்ணம். 2017 இல் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. அதற்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் முழுமையில்லை என்ற அந்தரத்தில் சட்டம் நிற்கிறது. இதைச் சீர்செய்யப் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் வேண்டும், 159 பேரை வைத்திருக்கும் அரசுக்கு அது எட்டாக்கனியன்று. எனவே இரண்டாம் நிரலில் "தேர்தல் ஆணைக்குழு" என்று எழுதாமல் "பாராளுமன்றப் பெரும்பான்மை" என்று எழுத வேண்டும். முன்னைய அரசுகள் உண்டாக்கிய முடிச்சு இது என்பது உண்மை. அவிழ்க்கும் பலம் இந்த அரசிடம் இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழக வேண்டும்.

சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்படிக்கை பற்றிய கொப்பி வரி இதைவிடச் சிக்கலானது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்தியது. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர், 48 மாதத் திட்டமொன்று நிதியத்தால் அங்கீகரிக்கப்பட்டது. கடன் நிலைபேற்றுக் கணிப்பை (நாட்டால் எவ்வளவு கடனைத் தாங்க முடியும் என்ற கணக்கை) மாற்றி, மக்கள் மீதான சுமையைக் குறைத்துப் புதிதாகப் பேசுவோம் என்பது தேசிய மக்கள் சக்தியின் தேர்தற்காலக் கூற்று. வாக்களிப்புக்கு இரண்டு நாட்கள் முன்பு, செப்டெம்பர் 19 இல், அன்றைய அரசு சர்வதேச முறிக்காரர்களுடன் (நாட்டின் கடன்பத்திரங்களை வைத்திருப்பவர்களுடன்) கொள்கையளவில் இணக்கம் கண்டதாக அறிவித்தது. புதிய அரசு அதை ஏற்றுக்கொண்டு, டிசெம்பரில் முறிப் பரிமாற்றத்தை முடித்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதத்தை, வட்டி தவிர்ந்த கணக்கில் மிகையாக வைத்திருக்க வேண்டும் என்ற இலக்கும் அப்படியே தொடர்கிறது.

இங்கே "உடன்படிக்கையைக் கிழித்தெறிந்திருக்க வேண்டும்" என்று எழுதுவது எளிது. கிழித்தெறிந்திருந்தால் எரிபொருள் வரிசை மீண்டும் எந்தச் சந்தி வரை நீண்டிருக்கும் என்பதை எழுதுபவர் சொல்ல வேண்டியிருக்கும். நான் என் கொப்பியில் எழுதியிருப்பது வேறு கேள்வி: கையைக் கட்டும் கயிற்றின் நீளம் தேர்தலுக்கு முன்பே தெரிந்திருந்தும் அதை அவிழ்ப்பதாக ஏன் சொன்னீர்கள்? அந்தக் கயிற்றுக்குள்ளேயே செய்யக்கூடிய தெரிவுகளில், யாரிடம் வரி எடுப்பது, யாருக்குச் சலுகை கொடுப்பது என்பவற்றில், நீங்கள் முன்னையவர்களிடமிருந்து எங்கே வேறுபடுகிறீர்கள்? இதற்குப் பதில் இருக்கிறது, பதிலை எடைபோடவும் முடியும். மாத வருமான வரியின் ஆரம்ப எல்லை 2025 ஏப்ரலில் 1,00,000 ரூபாவிலிருந்து 1,50,000 ரூபாவாக உயர்ந்தது. அதே வேளை வைப்புகளின் வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. 18 வீத வற் வரி (பெறுமதி சேர் வரி) அப்படியே இருக்கிறது. யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதை இந்த மூன்று வரிகளிலிருந்தே ஒருவர் எழுதத் தொடங்கலாம்.

தொகையைக் கழித்துப் பாருங்கள்

வரவு செலவுத் திட்ட உரை நீளமானது, கேட்பவர்களின் மனத்தில் நிற்பது ஓரிரு எண்களே. 2025 பெப்ரவரி 17 இல் நிதி அமைச்சராகவும் இருக்கும் ஜனாதிபதி வாசித்த உரையில், அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயரும் என்று கூறப்பட்டது. கழித்தால் 15,750. அன்று மாலையே எங்கள் ஊர்க் கடையில் "பதினையாயிரம் கூட்டிட்டாங்கள்" என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அதே உரையில், ஏற்கெனவே தனியாகக் கொடுக்கப்பட்டுவந்த இடைக்காலப் படியும் விசேட படியும் அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்படுவதால், தேறிய குறைந்தபட்ச அதிகரிப்பு 8,250 ரூபா என்றும் சொல்லப்பட்டது. அதுவும் ஒரே தடவையில் அன்று. 2025 ஏப்ரலில் ஒரு பகுதியும், எஞ்சியது 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலுமாக வரும். ஏப்ரல் சம்பளச் சிட்டையைப் பார்த்தவர்கள் அரசு பொய் சொல்லிவிட்டது என்றார்கள். அரசு பொய் சொல்லவில்லை. பெரிய எண்ணை முன்னும் சிறிய எண்ணைப் பின்னும் வைத்தது, அவ்வளவுதான். இதைக்கூட விமர்சிக்கலாம், ஆனால் உரையின் பந்தியை எடுத்துக்காட்டி விமர்சிக்க வேண்டும்.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் இதைவிட நல்ல பாடம். 2025 நவம்பர் 7 இல் வாசிக்கப்பட்ட 2026 ஆம் ஆண்டுக்கான உரையில் 1,750 ரூபா என்ற எண் வந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால், 1,350 ஆக இருந்த நாட்சம்பளத்தைக் கம்பனிகள் 1,550 ஆக்க வேண்டும். மீதி 200 ரூபாவை வரவுக்கான ஊக்கத்தொகையாக அரசு திறைசேரியிலிருந்து கொடுக்கும், அதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்படும் என்றிருக்கிறது. இதைப் பார்த்ததும் கேள்விகள் தாமாகவே எழுகின்றன. தோட்ட நிர்வாகம் மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறது? வேலை கொடுக்காத நாளில் வரவு ஊக்கத்தொகை என்னவாகும்? அந்த 200 ரூபாவுக்கு ஊழியர் சேமலாப நிதி கணக்கிடப்படுமா? தனியார் கம்பனி கொடுக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதியை, யாழ்ப்பாணத்தில் பருப்பு வாங்குபவரும் மாத்தறையில் சவர்க்காரம் வாங்குபவரும் வற் வரியாகக் கட்டிய பணத்திலிருந்து கொடுப்பது சரியா? கடைசிக் கேள்விக்கு என் சொந்தப் பதில், அத்தொழிலாளரின் உழைப்புக்கு நாடு பட்ட இருநூறு ஆண்டுக் கடன் தீரும் வரை சரி என்பதே. எதிர்மாறாக நினைப்பவருடன் வாதிடவும் ஆயத்தமாக இருக்கிறேன். எண்ணைப் பிரித்துப் பார்க்காதவரை இந்த வாதம் தொடங்கவே முடியாது.

அடுத்தது ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் உள்ள தூரம். அரச கணக்கில் நெடுநாள் இருந்தவன் என்பதால் இதில் எனக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு. 2025 ஆம் ஆண்டுத் திட்டத்தில் வட மாகாண வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் மேம்பாட்டுக்கு 100 மில்லியன் என்று அறிவிக்கப்பட்டது. 1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்தின் பெயர் சிங்களக் கட்சியொன்றின் தலைவர் வாசிக்கும் வரவு செலவு உரையில் வந்தபோது, இங்கே பலருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது, எனக்கும் நெகிழ்ந்தது. நெகிழ்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பணத்தின் பயணத்தைத் தொடர வேண்டும். உரையில் அறிவித்தல், ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இடம்பெறல், திறைசேரி கட்டுநிதி (செலவுக்கான முற்பணம்) விடுவித்தல், கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரல், ஒப்பந்தம், வேலை, கொடுப்பனவு என்று அது ஏழு படிகள் இறங்கி வர வேண்டும். எங்கள் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகிறது. அன்றைக்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஒதுக்கீட்டைப் பற்றி பெப்ரவரியில் கைதட்டுவதிலும், அடுத்த ஜனவரியில் திட்டுவதிலும் பயனில்லை. கேட்க வேண்டிய மாதம் ஓகஸ்ட் அல்லது செப்டெம்பர், ஏனெனில் அப்போது கேட்டால் மட்டுமே ஏதாவது அசையும். வட்டுவாகல் பாலத்தின் கட்டுமான வேலை 2025 செப்டெம்பரில் தொடக்கிவைக்கப்பட்டது. அதையும் நான்காம் நிரலில், திகதியோடு எழுதியிருக்கிறேன்.

மின்கட்டணத்தில் கழித்தல் மட்டும் போதாது, பெருக்கலும் வேண்டும். 2025 ஜனவரியில் கட்டணம் சராசரியாக 20 வீதத்தால் குறைந்தது, ஜூனில் 15 வீதத்தால் கூடியது. "கொடுத்ததையெல்லாம் திருப்பிப் பறித்துவிட்டார்கள்" என்றார் ஒருவர். "இன்னும் ஐந்து வீதம் குறைவுதானே" என்றார் அரச ஆதரவாளர். இருவரும் பிழை. நூறு ரூபா எண்பதாகி, எண்பதில் 15 வீதம் கூடினால் 92 வரும், சராசரிக் கணக்கில் முன்னையதைவிட 8 வீதம் குறைவு. கட்டணத்தைத் தீர்மானிப்பது அமைச்சரல்லர், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அது முடிவெடுக்கும் முன் மக்கள் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கிறது. அங்கே போய்ப் பேசுபவர்களின் தொகையையும், கட்டணம் கூடிய பின்பு முகநூலில் பேசுபவர்களின் தொகையையும் ஒப்பிட வேண்டாம், எங்களுக்கே வெட்கமாயிருக்கும்.

வர்த்தமானியைத் தேடி வாசியுங்கள்

2025 மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வட மாகாணத்தில் 5,941 ஏக்கர் நிலத்தைப் பற்றியது: யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. காணித் தீர்வுக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் வெளியான அவ்வறிவித்தல், மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராத காணி அரச காணியாக அறிவிக்கப்படும் என்றது. போரில் காணி உறுதியைத் தொலைத்தவர், இந்தியாவில் முகாமிலிருப்பவர், கனடாவில் குளிர்காலத்தைக் கழிப்பவர், உரிமைகாரர் இறந்து மரணச் சான்றிதழே எடுக்கப்படாத குடும்பம் ஆகிய எல்லோருக்கும் அதே மூன்று மாதங்கள்.

அந்த நாட்களில் "காணி பறிப்பு" என்ற சொல் எங்கும் ஒலித்தது. அந்தச் சொல்லில் தவறில்லை, ஆனால் அதைச் சொன்னவர்களில் பலர் அறிவித்தலை வாசித்திருக்கவில்லை. வாசித்தவர்களே அதில் நான்கு விடயங்களைக் கண்டார்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், யாரிடம் உரிமை கோர வேண்டும், கடைசித் திகதி எது. அந்த நான்கையும் வைத்தே பிரதேச செயலாளருக்கு மனுக் கொடுக்க முடிந்தது, பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்ப முடிந்தது, உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடர முடிந்தது. எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின்னர் அரசு அறிவித்தலை மீளப்பெற்றது. அலுவலர்கள் பழைய சட்டத்தை வழமைபோல் எடுத்துப் பயன்படுத்தினார்களா, அல்லது அமைச்சு மட்டத்தில் யோசித்துச் செய்யப்பட்டதா என்பதைக் குறித்துக் கருத்துகள் வேறுபடலாம். எனினும், போர் நடந்த நிலத்தில் மூன்று மாதக் கெடு என்ன விளைவைத் தரும் என்று கொழும்பில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே இந்த அரசின் மீதான என் முதன்மையான குறை. கெட்ட எண்ணத்தைவிட இந்தக் கவனமின்மைதான் எங்களை அடிக்கடி பாதிக்கிறது.

சட்டமூலங்களுக்கு இன்னும் கூர்மையான காவல் தேவை. இலங்கையில் ஒரு சட்டம் நிறைவேறிய பின், அது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. சட்டமூலமாகப் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியவுடன் வரும் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். 1979 இல் தற்காலிக ஏற்பாடாக வந்து, 1982 இல் நிரந்தரமானது. நீக்குவோம் என்று வந்த அரசு ஒன்றன்று. 2018 இல் ஒரு மாற்றுச் சட்டமூலம், 2023 இல் இன்னொன்று என்று "நீக்குவோம்" என்பது ஒவ்வொரு முறையும் "மாற்றுவோம்" ஆகியது. இந்த அரசும் நீக்குவதாகவே சொன்னது; பதவிக்கு வந்த பின்பும் அச்சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்தன; மாற்றுச் சட்ட வரைவு ஒன்றையும் முன்வைத்தது. வரைவின் பெயரில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பயங்கரவாதம் என்பதற்குக் கொடுக்கப்பட்ட வரைவிலக்கணம், நீதிவான் முன் நிறுத்தாமல் தடுத்துவைக்கக்கூடிய காலம், தடுப்புக் கட்டளையில் கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் என்ற மூன்றையும் பழைய சட்டத்தோடு பக்கத்தில் பக்கம் வைத்து எழுதுங்கள். நான்காம் நிரல் தானாக நிரம்பும்.

எழுத்தில் கேளுங்கள்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையிலுள்ள மிக நல்ல கருவி. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு எழுத்தில், தமிழிலேயே, விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஒருவருடைய உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணித்தியாலங்களில் பதில் தர வேண்டும். கைது பற்றிக் கேட்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

சட்டம் நல்லது, ஆனால் எங்கள் கேள்விகள் பெரும்பாலும் நல்லவையல்ல. "எங்கள் வீதி ஏன் இன்னும் போடப்படவில்லை?" என்று கேட்டால் "நிதி கிடைத்ததும் ஆவன செய்யப்படும்" என்று ஒரு வரி வரும். இச்சட்டத்தின் கீழ் ஆவணங்களைக் கேட்க வேண்டும், விளக்கங்களை அல்ல. நான் அயலவர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது ஏறத்தாழ இப்படி இருந்தது: "2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வட மாகாண வீதிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிதியின் கீழ் இப்பிரதேச செயலகப் பிரிவில் தெரிவுசெய்யப்பட்ட வீதிகளின் பெயர்ப்பட்டியல், அத்தெரிவைச் செய்த கூட்டத்தின் அறிக்கை, ஒவ்வொரு வீதியினதும் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தம் வழங்கிய கடிதத்தின் பிரதி, 2025 டிசெம்பர் 31 வரை கொடுக்கப்பட்ட தொகை." இதில் எந்த வரிக்கும் "ஆவன செய்யப்படும்" என்று பதிலெழுத முடியாது. கூட்ட அறிக்கையைக் கேட்டது வேண்டுமென்றே. வீதிகளை மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்களில் யார் முன்மொழிந்தார்கள் என்பது அதில்தான் தெரியும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். நேரில் கொடுப்பதானால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்க வேண்டாம்.

தகவல் கையில் வந்த பின் அதைப் பொதுவெளியில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பொய்யான கூற்று என்ற குற்றச்சாட்டிலிருந்து உங்களைக் காப்பது உங்களிடமுள்ள ஆவணமே. எனவே செயலைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுத வேண்டாம். "ஒப்பந்தம் கொடுக்கப்பட்டு ஏழு மாதமாகியும் கொடுப்பனவு இல்லை" என்பது தாள் சொல்வது. "அதிகாரி கள்ளன்" என்பது நீங்கள் சொல்வது.

நிறைவேறியதையும் எழுதுங்கள்

இது அரசுக்குச் செய்யும் உபகாரமன்று. 2025 செப்டெம்பர் 10 இல் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டமூலம் 151 வாக்குகளால், எதிராக ஒரே ஒரு வாக்குடன், நிறைவேறியது. சொன்னதைச் செய்தார்கள். திறைசேரிக்கு இதனால் மிஞ்சிய பணம் பெரிதன்று என்று சிலர் அலட்சியமாகச் சொன்னார்கள். அவர்களே இதற்கு முந்திய ஆண்டுகளில் முன்னாள் ஜனாதிபதிகளுக்குக் கொடுத்த மாளிகைகளைப் பற்றிக் கவிதை எழுதாத குறையாகப் பொருமியவர்கள். நான்காம் நிரலில் "ஆம்" என்று எழுத மறுக்கும் கை, "இல்லை" என்று எழுதும்போது யாருடைய நம்பிக்கையையும் பெறாது.

நிலைமை மாறும்போது அளவுகோலைச் சற்று நகர்த்துவதும் நேர்மையின் பாற்பட்டதே. 2026 ஆம் ஆண்டுத் திட்டம் வாசிக்கப்பட்டு மூன்று வாரங்களில், நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்து அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. வீதிகளும் பாலங்களும் தொடருந்துப் பாதைகளும் அள்ளுண்டு போயின. அதற்குப் பிறகு 2026 இன் மூலதனச் செலவுகள் உரையில் சொன்னபடியே நடக்கும் என்று எதிர்பார்ப்பவர் கணக்கு அறியாதவர். ஆனால் புயல் அடிக்கும் முன்பே காலங்கடந்த வரிகளுக்குப் புயலைக் காரணமாக ஏற்கக்கூடாது. மாகாண சபைத் தேர்தல் அப்படிப்பட்ட வரி. கணக்காய்வாளர் நாயகம் பதவியும் அப்படியே: 2025 ஏப்ரலில் முன்னையவர் ஓய்வு பெற்ற பின், நிரந்தர நியமனம் மாதக்கணக்கில் இழுபட்டது. ஊழலை ஒழிப்பதாக வந்த அரசில், அரச கணக்குகளைச் சோதிக்கும் முதல் நாற்காலி அப்படி இருந்ததை நான் சிவப்பு மையால் எழுதினேன். அதற்கு எந்தக் காற்றும் மழையும் காரணமன்று.

கொப்பியை எப்போது திறப்பது என்று ஒருவர் கேட்டார். என் வழக்கம் ஆண்டில் நான்கு தடவைகள்: வரவு செலவு உரை வாசிக்கப்பட்ட வாரத்தில் புதிய வரிகளை எழுதுவதற்கு, ஏப்ரலில் முதற் காலாண்டைப் பார்ப்பதற்கு, ஓகஸ்டில் தகவல் விண்ணப்பங்களை அனுப்புவதற்கு, டிசெம்பர் கடைசி வாரத்தில் நான்காம் நிரலை நிரப்புவதற்கு. ஓகஸ்டில் அனுப்பும் விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்து, மேன்முறையீடும் முடிந்து பதில் கிடைக்க ஒக்டோபராகும். அந்த ஆண்டுக்கான பணம் காலாவதியாக அப்போது இரண்டு மாதங்களே மீதமிருக்கும், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டம் ஒன்றாவது அதற்குள் வரும். உங்கள் பகுதிப் பிரதிநிதியிடம் அந்தப் பதிலின் பிரதியைக் கூட்டத்துக்கு முதல் நாள் கொடுங்கள், ஒரு வாரம் முன்பு கொடுத்தால் தொலைத்துவிடுவார்.